மின்சாரம் போனால் மறந்துவிடும் கட்டளை

கடைச்சாவியை மேசையில் வைத்துவிட்டு, சாரமும் இரண்டு சேட்டும் திணித்த பையோடு உட்துறைமுக வீதியால் நடந்துகொண்டிருந்தேன். வேலை போனதைவிட, படுக்கிற இடமும் அதே கடை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

கோயில் திருவிழாக்களை வீடியோ எடுத்துக் கொடுக்கிற கடை அது. திரியாய் ஊர்க் கோயிலில் தேர் இருப்புக்கு வந்த கையோடு வீடியோவை லினக்ஸ் கணினியில் போட்டுப் பகிரவேண்டும். கனடாவிலும் சுவிஸிலும் உள்ள ஊர்க்காரர் எல்லாரும் ஒரேயடியாக அதை எங்களிடமிருந்து இழுப்பார்கள். விட்டால் கடையின் முழு இணைய இணைப்பையும் அந்த வீடியோவே வெளியே கொண்டுபோய்விடும்; கடைக்குள் இருப்பவர் இணையத்தில் ஒரு சொல் பேச முடியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொழும்பில் ஒரு கடையில் தரை துடைத்த காலத்தில் பார்த்துப் பழகியதை வைத்து, கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, வெளியே போகும் வேகத்தைக் கட்டிப்போட்டேன். கணினி அணைந்து எழும்பினால் பகிர்வு தானாகத் தொடங்கும், என் கட்டளை தொடங்காது. அதையும் தானாக ஓடவைக்க எங்கே எழுதுவது என்று தேடினேன், விளக்கமெல்லாம் ஆங்கிலம். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் ஓடிப்போய் அடித்தேன்.

வேலை போன அன்று பகல் முதலாளியின் தங்கச்சி கட்டாரிலுள்ள கணவனோடு வீடியோவில் பேசக் கடைக்கு வந்திருந்தார். கணவனை அங்கத்தைய சாப்பாட்டு இடைவேளையில்தான் பிடிக்கலாம். முதலாளி என்னைத் தேநீர் வாங்க அனுப்பினார். வழியில் மின்சாரம் போய் வந்தது. நான் திரும்புமுன் முதலாளியே கணினியைப் போட்டுவிட்டார்.

"இவர் வாயைப் பிளந்தபடி நிக்கிறார் அண்ணை. இனி நாளைக்குத்தான் மூடுவார்," என்றார் தங்கச்சி, திரையில் உறைந்துபோன கணவனின் முகத்தைப் பார்த்தபடி.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கட்டிப்போட்டனான் எண்டு சொன்னனீ?"

"ஓம் அண்ணை. கரண்ட் போனா அது மறந்துபோகும், திரும்ப அடிக்கோணும். நான் வருமட்டும் போடாம இருந்திருக்கலாம்."

"என்ர கடையில கொம்பியூட்டர் போட உன்னட்டக் கேக்கோணுமோ?"

"கேக்கத் தேவையில்லை. ஆனா மறந்துபோகும்."

"அப்ப நீயும் இந்தக் கடையை மறந்திட்டுப் போ."

பஸ் நிலையத்து வாங்கில் படுத்தேன். விடிய, மீன் இறக்கும் துறையில் ஐஸ் உடைக்க ஆள் தேடினார்கள்.

"படுக்க இடம் இருக்கோ?" என்றேன்.

"ஐஸ் கொட்டிலுக்குப் பின்னால படு. விறைச்சா எங்களிட்ட வராத," என்றார் மேற்பார்வைக்காரர். "மெஷின் ஒண்டும் இல்லை. கையாலதான் உடைக்கோணும்."

சுத்தியலை எடுத்தேன்.