கேஷைக் காலி பண்ணுங்க

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கேஷ் அண்ணன். இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகத்தை நடத்தும் நிறுவனம் அது. ஜனங்கள் ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு அங்கே வீடு கட்டுவார்கள், கூடிப் பேசுவார்கள். கோளாறு என்றால் போன் அண்ணனுக்கு வரும்.

"சார், என் உருவம் வெறும் புகையா நிக்குது."

"தலைமுடியே வரல, மொட்டையா நிக்கறேன். எல்லாரும் சிரிக்கறாங்க."

எல்லாவற்றுக்கும் அண்ணனிடம் ஒரே மருந்துதான். "முதல்ல கேஷைக் காலி பண்ணுங்க." ஒரு தடவை பார்த்த படங்களைக் கணினி தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும், அந்தச் சேமிப்புக்குத்தான் கேஷ் என்று பேர். அது கெட்டுப்போனால் உருவங்கள் புகையாகும், சுவர்கள் சாம்பல் நிறமாகும். அழித்துவிட்டால் நிறுவனத்தின் சர்வரிலிருந்து எல்லாம் புதிதாக வந்து இறங்கும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

"நாள் பூரா கேஷ் கேஷ்னு கத்தறீங்களே அண்ணா, சம்பளம் வரலியா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கிண்டலடிப்பாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் கிளம்புகிற நேரத்தில், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் கூப்பிட்டார். அவருடைய தம்பி நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அந்த உலகத்தில் அக்காவுக்கென்று ஒரு வீடு கட்டியிருந்தார். படுத்தபடியே படம் வரைந்து சுவர் சுவராக ஒட்டியிருந்தார்: அக்கா சைக்கிளிலிருந்து விழுந்தது, அப்பா குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்து வந்தது. இப்போது தம்பி இல்லை. அவருடைய சிநேகிதர்கள் அந்தப் படங்களைப் பார்க்க அங்கே வந்து போவார்கள்.

"வர்றவங்களுக்குச் சுவரெல்லாம் சாம்பலாத் தெரியுதாம் சார். எனக்கு நல்லாத்தான் தெரியுது."

மனைவி கீழே காத்திருந்தாள். அண்ணன் பையைத் தோளில் மாட்டியாகிவிட்டது. "கேஷைக் காலி பண்ணிட்டு மறுபடி உள்ள போங்கம்மா, சரியாயிடும்," என்றார்.

மறுநாள் காலையில் வந்த முதல் போன் டீச்சரம்மாவுடையது. "இப்ப எனக்கும் சாம்பலாத்தான் இருக்கு சார்."

அண்ணன் சர்வரில் தேடினார். கொஞ்ச காலம் முன்பு பழைய இயந்திரங்களை மாற்றியபோது தம்பியின் படங்கள் தொலைந்துபோயிருந்தன. அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. டீச்சரம்மாவின் கேஷில் இருந்ததுதான் கடைசிப் பிரதி. தம்பியின் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, அதை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றையும் அண்ணன் வாயாலேயே அழிக்கச் சொல்லியிருக்கிறார். 'எனக்கு நல்லாத்தான் தெரியுது' என்று அந்தம்மா சொன்ன வார்த்தையிலேயே விஷயம் முழுக்க இருந்தது. அண்ணன்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"சர்வர் கோளாறுன்னு சொல்லிடுங்க. அது பொய்யில்லையே," என்றார் மேலாளர்.

அண்ணன் போனை எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"நான்தான் யோசிச்சிருக்கணும். நல்லாத் தெரியறதை எதுக்கு அழிச்சேன்?" என்றார் டீச்சரம்மா.

அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை எடுத்துக்கொண்டு அண்ணன் அவர் வீட்டுக்கே போனார். டீச்சரம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். குடைக்கம்பி ஒன்று வந்தது, சைக்கிள் சக்கரத்தில் பாதி வந்தது. அதோடு சரி. பிறகு அண்ணன் தம்பியின் சிநேகிதர்களைத் தேடிப் பிடித்து, அந்த மெய்நிகர் வீட்டில் நின்று அவர்கள் எடுத்திருந்த போட்டோக்களைக் கேட்டு வாங்கினார். எல்லாவற்றிலும் யாராவது சுவரை மறைத்துக்கொண்டு இளித்தபடி நின்றார்கள். வெட்டி ஒட்டி, ஒரு சுவரை மட்டும் எப்படியோ தேற்றிக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து டீச்சரம்மா கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க சார். அதை எடுத்துடுங்க. பார்க்கறப்பல்லாம், இது அவன் போட்ட கோடு இல்லைன்னுதான் மனசு சொல்லுது."

எடுத்துவிட்டார்.

இப்போது யார் கூப்பிட்டாலும், "உங்களுக்கு எப்படித் தெரியுது, மத்தவங்களுக்கு எப்படித் தெரியுது?" என்றுதான் அண்ணன் ஆரம்பிக்கிறார். பேச்சு நீண்டுகொண்டே போகிறது என்று மேலாளருக்குச் சலிப்பு.

"அந்தம்மா ரொம்பத் திட்டினாங்களா?" என்று மனைவி ஒருநாள் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"திட்டியிருந்தா தேவலையே," என்றார். "நல்லதுக்குத்தானே சொன்னீங்கன்னுட்டாங்க."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.