பதினொன்று என்று சொன்னவள்

தாயம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறவள். பதினான்கு வருஷமாக அந்த அடுப்பு அவளுடையது. உப்பு பார்க்க இன்னொருத்தி கரண்டியை நீட்டினால்கூட முறைப்பாள். தை மாதத்தில் ஒரு நாள் அண்டாவை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிறகு வாரம் மூன்று நாள் அங்கேயே நடைப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்துபோனாள்.

பயிற்சி அறைக்குப் பொறுப்பு சபீனா என்ற பிசியோதெரபிஸ்ட். இதயத்துக்குக் கொடுக்கிற மாத்திரை நாடியை ஏறவிடாது, அதனால் நாடியை எண்ணிச் சிரமத்தை அளக்க முடியாது, நடக்கிறவர் வாயால் சொல்லும் எண்தான் அளவு என்று முதல் நாளே விளக்கிவிட்டாள். சுவரில் ஆறிலிருந்து இருபது வரை எழுதிய ஓர் அட்டை. ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. பதினொன்று லேசு, பதின்மூன்று கொஞ்சம் சிரமம், பதினேழு ரொம்பச் சிரமம். இருபது என்றால் இனி ஓரடி எடுத்து வைக்க முடியாது. பதின்மூன்றைத் தாண்டினால் உடனே சொல்ல வேண்டும்.

முதல் வாரம் தாயம்மா உண்மையாகத்தான் பதினொன்று என்றாள். அடுப்பு வெக்கையில் அண்டா தூக்கியவளுக்கு, மின்விசிறிக் காற்றில் டிரெட்மில்லில் நடப்பது ஒரு வேலையா? சபீனா சந்தோஷப்பட்டு வேகத்தைக் கூட்டினாள். இரண்டாம் வாரம் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து கேண்டீன் மேலாளர் ஞானசேகரன் ஃபோன் செய்தார். வேலை செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டு ஒன்றாம் தேதி வந்தால் அடுப்பு அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆள். அதன் பிறகு எவ்வளவு இரைத்தாலும் பதினொன்றுதான். நல்ல பெண் சபீனா, நம்பினாள். நம்பியதால் மேலும் மேலும் வேகத்தைக் கூட்டினாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று தாயம்மா நினைக்கவேயில்லை.

பக்கத்து மெஷினில் பக்தவத்சலம். ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது, அதிகம் பேசாத மனுஷன். சபீனா கேட்டால் தாயம்மா பதினொன்று என்பாள். அடுத்து அவரும் பதினொன்று என்பார்.

முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். கடிதம் தயாராகி சபீனாவின் மேசைமேல் இருந்தது, டாக்டர் கையெழுத்து மட்டும் பாக்கி. பதினைந்து நிமிஷம் நடந்து காட்டினால் போதும். பன்னிரண்டாவது நிமிஷத்தில் சபீனா எண் கேட்டாள். தாயம்மா பதினொன்று என்றாள். பக்தவத்சலமும் அதையே சொன்னார், ஆனால் அந்த ஒரு வார்த்தையை இரண்டு மூச்சாக இழுத்துச் சொன்னார்.

தாயம்மா திரும்பிப் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு கறுத்திருந்தது. கம்பியைப் பிடித்த விரல்களில் ரத்தமே இல்லை. தொண்டையை இறுக்கி, மூச்சு இரைப்பதை அடக்கி, சாதாரணமாகப் பேசுவதுபோல் பேசும் அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக அவளும் அப்படித்தான் பேசிவந்தாள்.

சபீனா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று நிமிஷம். கிழவனுக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று தாயம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் பாடு அவருக்கு என்று விட்டுவிடலாம். அவரை மட்டும் காட்டிக்கொடுத்தால் இல்லவே இல்லை என்று சாதிப்பார். வாயைத் திறந்தால் தன் கடிதமும் போகும். அப்போது அவர் கால் ஒருமுறை பின்னிக்கொண்டது.

"நிறுத்தும்மா," என்றாள் தாயம்மா. "எனக்குப் பதினேழு. அவருக்கு அதுக்கும் மேல கீது. ரெண்டு பேரும் பொய் சொல்லிகினு கீறோம்."

சபீனா பாய்ந்து வந்து இரண்டு மெஷினையும் நிறுத்தினாள். பக்தவத்சலம் மறுத்துப் பேசவில்லை. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். அவரைக் கட்டிலில் கிடத்தி, நாக்கின் அடியில் மாத்திரை வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். டாக்டர் வந்து பார்த்து, அட்டாக் இல்லை, ஆனால் இன்னும் ஐந்து நிமிஷம் நடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

சபீனா திட்டவில்லை. கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். திரும்ப முதல் நாள் வேகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இன்னும் ஆறு வாரம் ஆகும் என்றாள். தாயம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையெல்லாம் அவளுக்குத் தோன்றவேயில்லை. நாளைக் காலையில் தன் அடுப்பை வேறொருத்தி பற்றவைப்பாள் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

கட்டிலிலிருந்து பக்தவத்சலம் கையசைத்துக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"எத்தினி நாளாம்மா பொய் சொல்லிகினு கீறே?"

"மூணு வாரமா, அண்ணாத்தே."



"நான் வந்தே மூணு வாரம்தாம்மா ஆவுது," என்றார். "பக்கத்துல ஒரு பொம்பள பதினொண்ணுன்னு சொல்லும்போது, நான் எப்படிம்மா அதுக்கு மேல சொல்றது?"