குத்துச்சண்டைக்காரருக்கு ஒரு மண்டகப்படி

என் வீட்டுக்காரர் தின்றே கெட்டவர் என்று ராஜபாளையத்தில் இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்கிற வாயில் மண்ணள்ளிப் போட வேண்டும். அவர் தின்று கெடவில்லை, தின்ன வைத்துக் கெடுத்தார்கள். இதை எழுத என்னை விட்டால் ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பட்டாளத்திலிருந்து வந்தபோது அவர் ஒடிசலான ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் சித்தி அவரிடமே போய், "மாப்பிள்ளை பின்னால வாராரா?" என்று கேட்டாள். கேலிக்கு இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஆனால் அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. பட்டாளத்தில் குத்துச்சண்டைக்கு ஆளை எடை பார்த்துத்தான் இறக்குவார்கள். ஒல்லியானவன் ஒல்லியானவனோடு, தடியன் தடியனோடு. அவருடைய எடையில் அவரை அடித்த ஆள் கிடையாது. லைட் வெயிட் சாம்பியன் என்று கோப்பையில் இங்கிலீஷில் வெட்டியிருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அதனால் பொய்யில்லை என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ராஜபாளையம் பஞ்சுப்பேட்டையில் அவருக்குக் காவல்காரர் வேலை. சர்ச்சுக்குப் பின்னால் எங்கள் ஆட்களுடைய தெருவில் குடியிருந்தோம். எங்கள் குடும்பம் கிறிஸ்து வேதத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. ஆனாலும் ஊர் எங்களை எங்கே நிறுத்தியதோ அங்கேதான் நின்றோம். பேட்டையில் மற்றவர்கள் செம்பில் தண்ணீர் குடிப்பார்கள், இவருக்குக் கையில் ஊற்றுவார்கள். நான் ஒருநாள் சோறு கொண்டுபோனபோது அதைப் பார்த்தேன். கையேந்திக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். என்னைப் பார்த்ததும் வெயிலைப் பற்றி ஏதோ பேசினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேருக்கு வருகிற கூட்டத்தோடு குத்துச்சண்டைக் கூடாரமும் வரும். அங்கே அவர் இறங்கினால் அந்த அழகே வேறு. அவர் அடிப்பதைவிட அடி வாங்காமல் நிற்பதைப் பார்க்கத்தான் ஜனம் சேரும். எதிராளியின் கை வரும், இவர் அங்கே இருக்கமாட்டார். எல்லாம் கால்வேலை. ஒரு வருஷம் தன் எடைக்காரர்களை எல்லாம் அடித்து முடித்த பிறகு, வேடிக்கைக்காகக் கூடாரத்துத் தடியன் ஒருவனோடும் கையுறை மாட்டி நின்றார். தடியன் காற்றைக் குத்திக் குத்தியே களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். கூடாரத்தின் ஹெவி வெயிட் சாம்பியன், மெட்ராஸ்காரர், இடுப்பில் அகலமான பட்டையோடு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மாட்டு வண்டியில் கொட்டடித்து நோட்டீஸ் வீசினார்கள். பங்குனியில் ராஜபாளையத்தில் கூடாரம் போடுகிறோம், சாம்பியனை ஜெயிக்கிறவருக்கு அந்தப் பட்டை சொந்தம். ஆனால் மோத வருகிறவர் ஹெவி வெயிட் எடைக்கு இருக்க வேண்டும், தராசில் நிறுத்துத்தான் உள்ளே விடுவோம். இதுதான் நோட்டீஸில் இருந்தது. ஆடியிலிருந்து பங்குனி வரை மாசக்கணக்கில் நாள் கிடந்தது.

என் வீட்டுக்காரர் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். விட்டிருந்தால் அதோடு போயிருக்கும். பேட்டையில் ஒரு தரகர் இருந்தார். ஊர்க்காரியம் எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். அவர்தான் ஆரம்பித்தார். "ஏலே, எடைதான கேக்கான்? நம்ம ஊர்ல எடைக்கா பஞ்சம்? பருத்திக்கொட்டை மலை மாதிரி கெடக்கு. பங்குனிக்குள்ள உன்னைய ஏத்திப்புடுதோம்" என்றார்.

கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன தெருவின் மண்டகப்படி என்று முறை உண்டு. அன்றைக்குச் சாமிக்கு ஆகிற சிறப்பெல்லாம் அந்தத் தெருவின் பொறுப்பு. தன் முறையை எந்தத் தெருவும் விட்டுக்கொடுக்காது. முந்தின நாள்காரனைவிட ஒருபடி அதிகம் செய்யாமலும் இருக்காது. அந்த முறையைத்தான் தரகர் என் வீட்டுக்காரருக்குப் போட்டார். நாளுக்கு ஒரு தெருவாக அவரை ஊட்டி எடை ஏற்றுவது என்று பேட்டை வாசலில் பேசி முடித்துவிட்டார்கள். ஊரில் ஒரு தெரு பாக்கியில்லை. எங்கள் சர்ச்சுத் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை.

சாயங்காலமானால் கொட்டுச் சத்தம் கேட்கும். தெருக்காரர்கள் சட்டியோடு வந்து வாசலில் இறக்குவார்கள். கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய பருத்திப்பால், நல்லெண்ணெய் மிதக்கிற உளுந்தங்களி, நாட்டுக்கோழி, ஆட்டுக்கால். பக்கத்து ஊர்த் தளவாய்புரத்துக்காரர்கள் கேள்விப்பட்டு, எங்களுக்கும் ஒரு முறை வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கி, வண்டியில் கறி அனுப்பினார்கள். கொண்டுவந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து அவர் சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. "நேத்து அந்தத் தெருச் சட்டிய வழிச்சுத் தின்னான், நம்ம சட்டின்னா மட்டும் கசக்குதோ?" என்று ஒருநாள் ஒருவர் கேட்டே விட்டார். அன்றைக்கு அவர் முழுதும் சாப்பிட்டுவிட்டு, கொல்லையில் போய் வாந்தி எடுத்தார். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

வாரம் ஒருமுறை பஞ்சுப்பொதி நிறுக்கிற பெரிய தராசில் அவரை ஏற்றுவார்கள். தட்டு இறங்க இறங்கச் சீட்டி அடிப்பார்கள். கழுத்து பெருத்தது, வயிறு விழுந்தது, கல்யாணச் சட்டை தோளில் கிழிந்தது. பேட்டையில் அவரை இப்போது பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, சாம்பியன் என்றார்கள். தெருவில் போனால் பெரிய வீட்டுக்காரர்கள்கூட நின்று, "என்னலே, எம்புட்டு ஏறியிருக்கு?" என்று விசாரித்தார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் அப்படி மலரவில்லை.

காலையில் கயிறு தாண்டிப் பழகுவது அவர் வழக்கம். தை மாசத்தில் ஒருநாள் கயிறு காலில் மாட்டியது. மறுபடி தாண்டினார், மறுபடி மாட்டியது. கயிற்றைச் சுருட்டி ஆணியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். குத்துச்சண்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவருக்கு இருந்தது அந்தக் கால் ஒன்றுதான் என்று மட்டும் தெரியும்.

"இந்தாருங்க, போதும்னு சொல்லிருங்க. உங்க எடையிலயே ராசாவா இருந்தீக. இந்தப் பட்டை நமக்கு எதுக்கு?" என்றேன்.

"எந்தத் தெருகிட்டடி போதும்னு சொல்ல? ஒரு சட்டிய வேண்டாம்னா அந்தத் தெருவையே வேண்டாம்னதா ஆயிரும்."

"ஆயிட்டுப் போகுது."

"உனக்குப் புரியாது. எனக்குன்னு தெனமும் புதுச்சட்டி வாங்கி ஆக்கிக் கொண்டாராக. இந்த ஊர்ல யாருக்குச் செஞ்சாக?"

எனக்கு அடக்க முடியவில்லை. "புதுச்சட்டி எதுக்குன்னு நினைக்கீக? மண்சட்டின்னா திருப்பி வாங்க வேண்டாம்ல. நீங்க தின்ன பாத்திரம் அவுக வீட்டுக்குள்ள போக வேண்டாம்ல" என்றேன்.

அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து கைகழுவினார்.

பங்குனியில் பேட்டைக்குப் பக்கத்துப் பொட்டலில் கூடாரம் எழும்பியது. பெண்களுக்கு ஓரமாகப் படுதா கட்டி இடம் விட்டிருந்தார்கள், நானும் போனேன். முதலில் தராசு. தட்டு இறங்கியதும் ஜனம் போட்ட சத்தத்தில் ஜெயித்தே விட்டார் என்று நினைத்துக் குழந்தைகள் குதித்தார்கள். தரகர் அவருக்கு மாலை போட்டார். மாலையை மேலே வீசித்தான் போட்டார், கை படவில்லை.

மணி அடித்தது. மெட்ராஸ்காரரின் கை வந்தது. என் வீட்டுக்காரர் அங்கேயேதான் இருந்தார். ஒதுங்க வேண்டும் என்று தலைக்குத் தெரிந்தது, தோள் கொஞ்சம் திரும்பியது, கால் வரவில்லை. நான் பார்த்த சண்டைகளில் எல்லாம் அடி விழுகிற சத்தமே கேட்காது. அன்றைக்கு ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது சுற்றில் இடது காதோடு சேர்த்து ஒன்று விழுந்தது. உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அப்புறம் தரகர் குரல்தான் முதலில் கேட்டது. "அம்புட்டுத் தின்னானே, எல்லாம் எங்கலே போச்சு?"

கூடாரமே சிரித்தது. அன்றைக்குப் பிடித்த சிரிப்பு அவரை விடவே இல்லை. அதற்குப் பிறகு அவர் எந்த எடையிலும் இறங்கவில்லை. ஒல்லியானவர்களோடு மோதத் தராசு விடவில்லை, தடியர்களோடு மோதக் கால் விடவில்லை. பேட்டையில் பழையபடி கையில் தண்ணீர் ஊற்றினார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர் முகம் வீங்கிக் கிடந்தது. அந்த முகத்தோடு குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வழக்கமான நேரத்துக்கு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். எந்தத் தெருவின் முறை என்று எனக்கு நினைவில்லை, அவருக்கு நினைவிருந்திருக்கும். விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருந்தார். நான் கஞ்சியை ஊற்றிக் கூப்பிட்டேன். எழுந்து வந்து குடித்தார்.

அதற்கு மறுநாள் காலையில் வந்தவர் ஒருவர்தான், அவரை அடித்த மெட்ராஸ்காரர். வாசலில் குனிந்து நேரே உள்ளே வந்து, கையில் இருந்த ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இவுகளுக்கு எடது காது கேக்கல" என்று நான் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்கம்மா. தேர்த் திருவிழால இவர் ஆடுனதப் பார்த்தேன். அந்தக் காலோட வந்திருந்தா இவரை என்னால தொட்டிருக்க முடியாது. கூடாரத்து முதலாளிகிட்ட அதைச் சொன்னேன். அவர்தான் நோட்டீஸ்ல எடையப் போட்டார். சின்ன ஆள் வரமாட்டார், எடைய ஏத்திக்கிட்டு வந்தாலும் கால் போயிருக்கும்னு கணக்கு. ஊரே சேர்ந்து எங்க வேலையச் செஞ்சு குடுக்கும்னு நாங்க நினைக்கல."

அவர் போன பிறகு நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். பேட்டை நடுவில் நின்று தரகரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

"ஏட்டி, எங்க போற?" என்றார் கட்டிலிலிருந்து.

"கேட்டீகள்ல? அந்த ஆள் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? உங்க காலைக் கெடுக்கத்தான் எடை வச்சிருக்கானுவ. இந்த ஊர்க்காரனுவளுக்கு அது தெரியலையே."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நோட்டீஸப் படிச்ச அன்னைக்கே தெரியும். பட்டாளத்துல இதையெல்லாம் பாத்தவன்தான நான். இந்த எடையில என் கால் நிக்காதுன்னு தெரியும்."

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். "பொறவு எதுக்குச் சாப்பிட்டீக?"

அவர் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார். "ஒரு தெரு பாக்கியில்லாம வந்துச்சேடி" என்றார். "நம்ம வாசலுக்கு."

வந்தவர்களில் ஒருத்தராவது படி தாண்டி உள்ளே வந்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் வீங்கின கண்ணோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.