தேசிங்கு வாங்கின ஷேர்

எங்க கோட்டைக்குப்பத்துல என்னோட நண்டு வலை போடுற தேசிங்கு, ஈமெயில்ல வந்த தகவலை நம்பி ஒரு ஷேர் வாங்கினான். அது தினமும் ஏற ஏற எனக்கு வயித்தெரிச்சல். "அந்த மெயிலை எனக்கும் அனுப்புடா"ன்னேன். அனுப்பவே இல்ல.

இன்னிக்கு பஸ்ல பக்கத்துல உக்காந்து அழுதான்.

மெயில் அனுப்புனவங்க மொதல்லயே அதை மலிவா வாங்கி வச்சிருந்தாங்களாம். இவனை மாதிரி ஆளுங்க வாங்கி விலை ஏறினதும், மொத்தத்தையும் வித்துட்டு ஓடிட்டாங்களாம். ஷேர் விலை அடிமட்டத்துக்கு விழுந்துடுச்சாம். இவன் போட்டது போட் இன்ஜினை வித்த பணம்.

"உன் வூட்டுக்காரி இன்னாடா சொன்னா?"

"'இன்ஜின் போனா போவுது, துடுப்பு போட நானும் வர்றேன்'னா."

அப்பதான் எனக்கு நெஜமாவே பொறாமையாயிடுச்சு.

நான் நண்டைக் கொஞ்சம் விலை கொறைச்சு வித்தாலே என் வூட்டுக்காரி ரெண்டு நாள் பேசமாட்டா. உங்க வூட்ல எப்படி?