பேனரில் இல்லாத முகம்

சடையாண்டி அண்ணன் இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னது ஒரு பேனர். கூடலூரிலிருந்து யாரோ அதைப் படமெடுத்துக் கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே அரிவாளோடு முறைத்துக்கொண்டிருந்தது அவர் முகமல்ல, திரையில் அவராக நடித்தவரின் முகம்.

சிறையையே நடுங்கவைத்த கைதி என்று விளம்பரம் செய்த அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவன் நான். விடுதலையாகி, திராட்சைத் தோட்டத்தில் கொடிகளை நறுக்கிக் கவாத்து செய்துகொண்டிருந்தவரைத் தேடிப்போய்ப் பேசவைத்தேன். நடந்த எதையும் மறைக்காமல் சொன்னார். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

“நான் அடிச்ச ஜெயில் வார்டருக்கு இன்னமும் கை மடங்கல. சின்னமனூர்லதான் இருக்காக. அவுகளக் கேலியாக் காட்டிறாதீக தம்பி.”

நான் எழுதிய வார்டர் தொந்தியும் தொடைநடுக்கமுமாக வந்தார். இயக்குநர் கேட்டார் என்று சொல்லித் தப்பிக்கலாம். எழுதிய கை என்னுடையது.

கம்பம் ஊர்த் தியேட்டரில் படம் பார்த்தபோது அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வார்டர் அடிபட்டு விழுந்ததும் “அடிச்சவன் எண்ண மாட்டான், வாங்குனவன் எண்ணிக்கட்டும்” என்ற என் வசனம். தியேட்டர் முழுக்க விசில். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இடைவேளையில் வெளியே வந்து, “எதுக்குத் தம்பி கைதட்டுறாக?” என்றார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். உண்மையிலேயே புரியாமல் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் அவரைத் தெரிந்த பலர் அன்று சாவு வீட்டில் இருந்தீர்கள். வாசலில் கட்டியிருந்த அந்தப் பேனரைக் கழற்றச் சொன்னேன். கட்டிய இளைஞர்களில் ஒருவன் என் வசனத்தை என்னிடமே சொல்லிக் காட்டி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டான். அண்ணனின் தங்கைதான் என்னைத் தடுத்தார்.

“விடுங்க தம்பி. எங்ககிட்ட அண்ணன் போட்டோ இல்ல. போலீஸ் எடுத்ததுதான் இருக்கு. அதையா மாட்டச் சொல்றீக?”

சற்று நேரத்தில் கை மடங்காத ஒரு பெரியவர் மாலையோடு வந்தார். அந்தப் பேனரைத் தாண்டித்தான் அவர் உள்ளே வரவேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு, தங்கையிடம், “மொகத்தப் பாக்கலாமா ஆத்தா?” என்றார். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

என்னிடம் இருப்பது ஓர் ஒலிப்பதிவு. “அடிக்கும்போது என்ன நெனச்சீங்க?” என்று என் குரல் கேட்கிறது. பிறகு அண்ணனிடமிருந்து வெகுநேரம் ஒன்றுமில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கும் மெஷின் சத்தம் மட்டும். கடைசியில், “வேற கேளுங்க தம்பி” என்கிறார்.

அவர் பேசாமல் இருந்த அந்த இடத்தில்தான் நான் அந்த வசனத்தை எழுதினேன்.