கிப்லா கேட்ட மேசன்

ஜவாஹிர் மச்சானோடு சந்தைக்குப் போகிறவன் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வத்தகப்பழம் வாங்குவதற்கு அவர் பதினொரு பழத்தைத் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார், கடைசியில் முதல் பழத்துக்கே திரும்பி வருவார். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருசம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கப்பலில் வந்த சாமானில் ஓர் ஆணி குறைந்தாலும் கையெழுத்து வைக்க மாட்டாராம். பென்சனில் வந்த பிறகு எண்ணுவதற்கு ஆணி இல்லாமல், அந்தக் குணத்தை எங்கள் தலையில் இறக்கிவிட்டார்.

நான் பஹ்மி, அவருடைய மனைவியின் தம்பி. ஓட்டோ ஓட்டுகிறேன். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு அமைந்ததுதான் என் கஷ்டகாலம்.

அசனா ராத்தா என் மூத்த சகோதரி. அவர்களுடைய வீடு ஓர்ஸ் ஹில் சரிவில் இருக்கிறது. பழைய வீடு. கக்கூஸ் வளவின் மூலையில், வீட்டிலிருந்து நாற்பது அடி. போன மாரியில் ராத்தா அங்கே போகும்போது பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒப்பரேஷன், உள்ளே கம்பி, மாதக்கணக்கில் படுக்கை. ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில் நின்று மச்சான் ஒரு வாக்குக் கொடுத்தார்: “அடுத்த மாரிக்கு நீ வளவுக்குள்ள கால் வைக்க மாட்டாய் புள்ள. அறையோட சேத்து பாத்ரூம் கட்டித் தருவன்.” சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் கண்டதில்லை.

அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மேசனைப் பிடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் மே மாதம் தேடத் தொடங்கினார்.

அவருடைய முறை இதுதான். ஒரு மேசன் முன்பு கட்டிய வீட்டுக்கு என் ஓட்டோவில் போவார். பேசி, பிளேன்டீ குடித்து, “உங்கட பாத்ரூமை ஒருக்காப் பாக்கலாமா?” என்று கேட்பார். உள்ளே போனதும் ஒரு வாளி தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்ப்பார். பிறகு டைல்ஸை ஒவ்வொன்றாக விரலை மடக்கித் தட்டுவார். நான் வெளியே வீட்டுக்காரரோடு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். பாலையூற்றில் ஒரு வீட்டுக்கார அம்மா என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, “அவருக்கு வயிறு ஏதும் சரியில்லையோ?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

ரிஷாத் என்று ஒரு கொன்ட்ரக்டர் வந்தார். போனில் தான் கட்டிய பாத்ரூம்களை வரிசையாகக் காட்டினார். ஒன்றில் யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. “இது எந்த ஊர் தம்பி?” என்று மச்சான் கேட்டார். “இஞ்ச பக்கத்துலதான், கந்தளாய்” என்றார் ரிஷாத், கண் இமைக்காமல். அவருக்குப் பிளேன்டீ கூடக் கிடைக்கவில்லை.

பாலையூற்று வீட்டின் பாத்ரூமைக் கட்டியவர் இராசதுரை மேசன். அங்கே வாளித் தண்ணீர் ஒரு சொட்டு மிஞ்சாமல் ஓடியிருந்தது. ஒரு டைல்ஸ் கூடப் பொள்ளென்று சத்தம் கொடுக்கவில்லை. ஆகவே மச்சான் அவரை வீட்டுக்கு அழைத்தார். அறுபது வயதிருக்கும், சிரிக்காத ஆள். வந்ததும் தூக்குக்குண்டை இறக்கி, ராத்தாவின் அறையின் வெளிச்சுவரைப் பார்த்தார்.

“சுவர் சரிஞ்சு கிடக்கு நானா. டைல்ஸ் ஒட்டினா காட்டிக் குடுத்திடும்” என்றார். நானா என்றால் எங்கள் ஆட்களில் அண்ணன்.

அந்தச் சுவரைப் பக்கத்தில் நின்று கட்டுவித்தவர் மச்சான். முகம் சுருங்கிவிட்டது. மேசன் அதைக் கவனிக்காமல் அடுத்ததைக் கேட்டார்: “கிப்லா எந்தப் பக்கம் நானா? அதைப் பாத்துத்தான் கொமட் வைக்கோணும். பாவிக்கப்போறவ எங்க? அவவையும் ஒருக்காப் பாக்கோணும்.”

“அவ படுத்திருக்கா. என்னட்டக் கேளுங்க, நான் சொல்லுவன்” என்றார் மச்சான்.

கிப்லா என்பது மக்கா இருக்கும் திசை. எங்களுக்கு அது மேற்கில், கொஞ்சம் வடக்கே சாய்ந்து. அந்தப் பக்கம் பார்த்துத்தான் தொழுவோம். அதனால் மலசலகூடத்தில் அந்தத் திசைக்கு முகத்தையும் காட்டக் கூடாது, முதுகையும் காட்டக் கூடாது. எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

மேசன் போனதும் மச்சான் தீர்ப்புச் சொன்னார். “கிப்லா எந்தப் பக்கமெண்டே தெரியாத ஆள், எங்கட வீட்டுக்கு என்னத்தைக் கட்டுற?”

“தெரியாததாலதானே மச்சான் கேக்கிறார்?”

“நீ சும்மா இரி.”

உள்ளேயிருந்து ராத்தாவின் குரல் வந்தது. “எனக்கு அந்த ஆளைப் புடிச்சிருக்கு.”

“நீ ஆளைப் பாக்கவே இல்லையே!”

“அவர் கேட்ட கேள்வி காதுல விழுந்திச்சே.”

அந்த வீட்டில் நல்ல கதைகள் எல்லாம் உள்ளறையிலிருந்துதான் வரும். மச்சானுக்கு அவை கேட்பது குறைவு.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் மச்சானுக்குப் பக்கத்தில் நின்று தொழுதவர் தோப்பூர் ஸெய்னுதீன். அவரும் மேசன். நல்ல மனிதர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒன்றாகப் பள்ளிவாசல் படியிறங்கி வந்தார்கள். செருப்பை மாட்டுவதற்குள் வேலை அவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

“வாளி எங்க மச்சான்?” என்று கேட்டேன்.

“நம்மட ஆளுக்கு என்னத்துக்கு வாளி?”

நான்கு மாதம் திருகோணமலை முழுக்கத் தரையில் தண்ணீர் ஊற்றிய மனிதர், இவருக்கு மட்டும் ஒரு கோப்பை கூட ஊற்றவில்லை. என் ஓட்டோ அன்றைக்கு வாய் திறந்து பேசியிருந்தால் நல்ல வார்த்தை பேசியிருக்காது.

பத்தொன்பது நாளில் வேலை முடிந்தது. நீல டைல்ஸ், வெள்ளைக் கொமட், பிடித்து எழும்புவதற்குப் பளபளவென்று ஒரு கம்பி. சரிந்த சுவரையும் ஒரு மாதிரிச் சமாளித்திருந்தார். ராத்தா வோக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. மச்சான் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளையைப் போல நின்றார்.

“இஞ்ச வாங்க” என்று குரல் வந்தது.

ராத்தா மூடிய கொமட்டின் மேல் அமர்ந்திருந்தார். “நான் எந்தப் பக்கம் பாத்து இரிக்கன்?”

மச்சான் பார்த்தார். அடுத்த அறையில் முப்பது வருசமாக அவர் தொழும் அதே பக்கம். போனைத் தேடி எடுத்தார்.

போன் போட்டதும் ஸெய்னுதீன் ஓடி வந்தார். தலையில் கை வைத்தார். “பைப் போற பக்கத்துக்கு வச்சிட்டன் நானா. வேறமாதிரியெண்டா நீங்க சொல்லுவீங்கதானே எண்டு இருந்தன்.”

“நீங்க பாப்பீங்கதானே எண்டு நான் இருந்தன்.”

இரண்டு பேருக்கும் தெரிந்த விசயம் என்பதால் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. தெரியாதவர் ஒருவர்தான் கேட்டார். அவரை அனுப்பிவிட்டோம்.

தரையை உடைத்துப் பைப்பைப் புதிதாகப் பதிக்க வேண்டும். ஸெய்னுதீன் ஒளிக்கவில்லை. “பைப் வேலையில எனக்குக் கை அவ்வளவு வராது. பாலையூற்று இராசதுரை மேசன்தான் சரி. நானும் கூட நிண்டு செஞ்சு தாறன், காசு வேணாம்” என்றார்.

மச்சான் உடனே போனாரா? இல்லை. அனுப்பிவிட்ட ஆளிடம் எந்த முகத்தோடு போவது என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் மாரியின் முதல் மழை விழுந்தது. நான் சாப்பாட்டுக்குப் பாண் கொண்டு போனபோது, ராத்தா வளவுக்குள் வோக்கரோடு நின்றார். மச்சான் ஒரு கையில் குடை, மறு கையால் ராத்தாவின் முதுகு. அந்த நாற்பது அடிக்கும் அவர் ஒவ்வொரு அடியாக நிலத்தைப் பார்த்து நடந்தார். குடை முழுவதும் ராத்தாவுக்கு மேல்தான் இருந்தது. திரும்பி வந்ததும் மச்சான் தொப்பலாக நனைந்து கதிரையில் விழுந்தார்.

“குடுத்த வாக்குப் போச்சு பஹ்மி” என்றார். எனக்குக் கேலி வரவில்லை. ஓட்டோவை எடுத்தேன்.

பாலையூற்றில் இராசதுரை மேசன் முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று பயந்தேன். “நாளைக்கு வாறன்” என்றார், அவ்வளவுதான்.

வந்தவர் இந்தத் தடவை மச்சானிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையை உள்ளே வடக்குத் தெற்காக வைத்து, ராத்தாவைக் கூப்பிட்டார்.

“இதில இருங்கோ தங்கச்சி. ஓம். இப்ப எழும்புங்கோ. எந்தக் கையை ஊண்டி எழும்புறனீங்கள்?”

ராத்தா இடது கையை ஊன்றினார். பளபளக்கும் கம்பி வலது பக்கத்தில் இருந்தது. மேசன் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார், ராத்தாவின் கை எட்டிய இடத்தில். ஸெய்னுதீன் பக்கத்தில் நின்று அளவுநாடாவைப் பிடித்தார்.

“இவ்வளவு நாளும் என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல” என்றார் ராத்தா. கோபமாகச் சொல்லவில்லை. மச்சான் வாசல்படியில் நின்று அதைக் கேட்டார். “மேசன்மாரை எல்லாம் தட்டிப் பாத்தன், உன்னட்டக் கேக்கத் தெரியாமப் போச்சு” என்று மெல்லச் சொன்னார்.

இரண்டு மேசன்மாரும் ஐந்து நாள் வேலை செய்தார்கள். சீமெந்து காயும்வரை குடைப் பயணம் தொடர்ந்தது. மழை விடாமல் கொட்டிய ஒரு பின்னேரம், ராத்தா கட்டிலைவிட்டு எழும்பி வோக்கரோடு ஏழு அடி நடந்து, கதவைச் சாத்திக்கொண்டார். நான் அறை வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. காய்ந்த காலோடு வெளியே வந்த ராத்தா மச்சானைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

“அதை மடக்குங்க” என்றார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். மச்சான் அறைக்குள்ளே, கட்டிலுக்குப் பக்கத்தில், குடையை விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.