வெயிலடிக்கும்போது வந்த வெள்ளம்

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி வந்ததும், அடுத்தது தூத்துக்குடித் துறைமுகம்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. அப்பா கடையை விட்டு நகர மாட்டார். என்னை மட்டும் கயத்தாற்றுக்கு அப்பால் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒரு மொட்டை மலை. அடிவாரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் பெரிய குழி. சித்தப்பா அதில் மேஸ்திரி. கடலும் கப்பலும் இல்லாத இடத்தில் எவன் வந்து குண்டு போடப் போகிறான் என்பது அப்பாவின் கணக்கு.

கடற்காற்றில் வளர்ந்த எனக்கு அந்த வெயில் புதிது. எங்கள் ஊர் வெயில் உடம்பில் பிசுபிசுக்கும். இந்த வெயில் வேர்வையைக்கூட விட்டுவைக்காது. உதடு வெடித்து, உப்புப் பட்டால் எரிந்தது. பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் சூடு இறங்காது. விடியும்போதுதான் கொஞ்சம் ஆறும். மேற்கே பெரிய மலைகளுக்குப் பின்னால் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் வெறும் காற்றாகத்தான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் உண்டு. எப்போதாவது கோடையில் மலைமேல் ஒரு மழை விழுமாம். நிறுத்தி வைக்க அங்கே மரமும் இல்லை, மண்ணும் இல்லை.

குடிதண்ணீருக்குக் காய்ந்த ஓடையில் மணலைத் தோண்டி, ஊறுவதைத் தேங்காய்ச் சிரட்டையால் இறைக்க வேண்டும். அன்று மத்தியானம் நானும் சித்தியும் ஓடைக்குள் உட்கார்ந்து இறைத்துக்கொண்டிருந்தோம். சுள்ளென்ற வெயில். மலை உச்சியில் மட்டும் கறுப்பாக ஒரு மேகம். திடீரென்று கடகடவென்று சத்தம்.

“சித்தி, குண்டு!” என்று அவளைக் கட்டிக்கொண்டேன்.

சித்தி சிரித்தாள். “ஏளா, அது குழியில வேட்டு வைக்காவ. நீ தண்ணிய இறைச்சு ஊத்து.”

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காதான் அலறினாள். அவள் புருஷனும் குழியில் கல் வெட்டுகிறவன். “மலையில பெஞ்சிட்டு! ஓடை வருது! பிள்ளையத் தூக்கிட்டு ஏறுங்க!”

சித்தி என்னைக் கீழிருந்து தள்ள, அக்கா மேலிருந்து சடையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தேன். வந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. சேறும் கல்லும் முள்மரமும் ஒரு சுவராக உருண்டு வந்தன. எங்கள் குடம், ஊற்று, உட்கார்ந்த இடம் எதுவுமே இல்லை. எங்கள் தலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை.

வெள்ளம் ஓடையோடு போயிருந்தால் சரி. குழியில் வெட்டிய கழிவுக்கல்லை எல்லாம் ஓடைக்குக் குறுக்கே குவித்து வைத்திருந்தார்கள். அதில் முட்டி, அப்படியே திரும்பிக் குழிக்குள் பாய்ந்தது. இரண்டு பெண்களும் ஒன்றாக ஓடினார்கள். நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

குழியிலிருந்து ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். உச்சி முதல் கால்வரை சேறு. யார் எவர் என்று தெரியவில்லை. சித்தப்பா முழங்கால் கிழிந்து, வேட்டி இல்லாமல் ஏறி வந்தார். சித்தி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு பளாரென்று கன்னத்தில் அறைந்தாள்.

“மலை மேல இருட்டுனது கண்ணுல படலியா? ஆளுவள மேல ஏத்தாம உள்ள என்ன செஞ்சிய?”

“இங்கன வெயில்லா அடிச்சுது...” என்றார் சித்தப்பா. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

எங்கள் அம்மா அப்பாவுக்கு எதிரே குரல் உயர்த்திக்கூட நான் கேட்டதில்லை. புருஷனை, அதுவும் ஊர் பார்க்க, ஒருத்தி அடிப்பதா? வெள்ளம்கூட எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

ஆட்டுக்கார அக்கா, ஏறி வந்த ஒவ்வொருவன் முகத்தையும் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நல்ல அக்கா, எல்லாருக்கும் உதவி செய்கிறாளே என்று நினைத்தேன். கடைசி ஆளின் முகத்தையும் துடைத்துப் பார்த்துவிட்டு, குழியின் விளிம்பில் போய் நின்றாள். கயிறு காலியாகத் தொங்கியது. ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். “எக்கா, எல்லாரும் ஏறியாச்சுல்லா? நீங்க ஏன் இன்னும் உள்ள பாத்துக்கிட்டே நிக்கிய?”

சித்தி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கைச்சேறு என் பல்லில் நறநறத்தது. சித்தப்பாவை அடித்தவள் இப்போது என்மேலும் கோபப்படுகிறாளே, அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.